ரேகை விழாத கை

பஸ் எங்கே போகிறது என்று கண்டக்டரிடம் கேட்பதற்குக்கூட எனக்குக் கூச்சம். போர்டு கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்து, படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். மொரப்பூர் ஸ்டேஷனில் டிக்கெட் எடுக்க வேண்டுமென்றால் என் மனைவிதான் கவுன்டர் முன்னால் போய் நிற்பாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வாய் உண்டு. எனக்கு ஐந்தாவது வரை படிப்பு உண்டு, வாய் கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளாகத்தான் இத்தனை வருஷமாக வெளியே போய் வருகிறோம்.

அப்படிப்பட்ட எங்களை மகள் விமானம் ஏறி வரச் சொன்னாள்.

அவள் நர்ஸ். தருமபுரியில் கொஞ்ச நாள், பெங்களூரில் கொஞ்ச நாள் என்று வேலை பார்த்துவிட்டு, கல்யாணமானதும் புருஷனோடு வெளிநாடு போனாள். எந்த நாடு என்று எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் அங்கே பிழைக்க வேண்டும். குளிர் நாடு என்று மட்டும் சொல்கிறேன். அங்கே போன பிறகு இரண்டு தடவை கரு தங்கி, இரண்டு தடவையும் கலைந்துவிட்டது. மூன்றாவது தங்கியபோது டாக்டர் படுக்கையைவிட்டு இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டாராம். மருமகன் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. பகலெல்லாம் அவள் தனியாகக் கிடந்தாள்.

“அம்மா வந்தாத்தாம்ப்பா இந்தக் கொழந்த நிக்கும்” என்று போனில் அழுதாள்.

மனைவி அன்றைக்கே துணி எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். ஆனால் தனியாகப் போக மாட்டேன் என்றாள். “எழுத்து தெரிஞ்ச ஆளு ஒண்ணு கூட வரணும். நான் பாட்டுக்கு வேற ஏரோப்ளேன்ல ஏறிட்டா என்னா பண்றது?” என்றாள். நானும் போவது என்று முடிவானது. வழிக்குத் துணை, அவ்வளவுதான் நான்.

என் தொழிலைச் சொன்னால்தான் மற்றது புரியும். நான் பட்டு நூல் எடுக்கிறவன். தருமபுரி மார்க்கெட்டில் வாங்கி வரும் பட்டுக்கூட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு வேகவைத்து, ஒவ்வொரு கூட்டிலும் இழையின் நுனியைக் கையால் தேடிப் பிடித்து, பல இழைகளை ஒன்றாகச் சேர்த்து ராட்டையில் ஏற்ற வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் விரல் சுடுதண்ணீரில்தான். தோல் வெளுத்து, ஊறி, உரிந்து, மறுபடி முளைத்து மறுபடி உரியும். விரல் நுனி வழித்த தட்டுபோல வழுவழுவென்று இருக்கும். ரேகை என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இருக்காது.

ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற மிஷின் வந்த நாளிலிருந்து இது எனக்கு ஒரு தலைவலி. வைத்தால் சிவப்பு எரியும். கடைக்காரர் எங்களுக்கு மாமன் மச்சான் முறை. “என்னா மாமா, புழு உங்க ரேகையையும் தின்னுடுச்சா? தலையில நல்லா தேய்ச்சுட்டு வைங்க” என்பார். விரலைத் தலைமுடியில் அழுத்தித் தேய்த்துவிட்டு வைத்தால் சில சமயம் பச்சை எரியும். எண்ணெய்ப் பிசுக்கும் சூடும் சேர்ந்து ஏதோ செய்கிறது. நான் மட்டும் இல்லை. கல் உடைக்கப் போகிறவர்கள், புளி தட்டுகிற பெண்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். எங்கள் ஊர் ரேஷன் வரிசையைத் தூரத்திலிருந்து பார்த்தால் பாதிப் பேர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பது போலத் தெரியும்.

விசாவுக்கு ரேகை கொடுக்கப் பெங்களூர் போனபோது அங்கிருந்த பெண் ஈரத் துணியால் துடைத்து, ஏதோ களிம்பு தடவி, பல தடவை வைத்துப் பார்த்து, கடைசியில் எப்படியோ எடுத்துவிட்டாள். “அங்கிள், போறதுக்கு முன்னாடி சுடுதண்ணியில கை வைக்கவே வைக்காதீங்க. அங்கேயும் ரேகை கேப்பாங்க” என்று பொறுமையாகச் சொன்னாள். விசா வருவதற்குள் மகளுக்கு ஏழு மாசம் முடிந்துவிட்டது. வந்ததும் வேலையை நிறுத்தினேன். விரல் லேசாகக் காய்ந்து தோல் பிடிக்க ஆரம்பித்தது. அதற்குள் எங்கள் பட்டறையில் இன்னொரு ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார். கூடைகூடையாகக் கூடு கிடந்தது. கூட்டுக்குள் இருக்கிற பூச்சி யாருக்காகவும் காத்திருக்காது. துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் இழையெல்லாம் அறுந்து கூடு வீண். முதலாளி வீட்டு வாசலில் வந்து நின்றார். எனக்குத்தான் முடியாது என்று சொல்ல வாய் கிடையாதே. விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் வரைக்கும் தண்ணீரில் கை வைத்தேன்.

அந்த நாட்களில் மகள் தினமும் போனில் பாடம் நடத்தினாள். எதைக் கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்று இங்கிலீஷில் நாலைந்து வார்த்தை சொல்லிக் கொடுத்தாள். டாட்டர் ஹவுஸ். டாட்டர் பேபி. த்ரீ மந்த்ஸ். ரிட்டன் டிக்கெட். இதற்கு மேல் எதுவும் பேசக் கூடாது.

“முக்கியமா ஒண்ணு சொல்றன் கேளுப்பா. வேலைங்கற வார்த்தையே உன் வாயில வரக்கூடாது. வேலைன்னு அவங்க காதுல விழுந்தாப் போதும், இங்க வேல தேடிக்கத்தான் வந்திருக்கான்னு திருப்பி அனுப்பிடுவாங்க. என் கூட ஆஸ்பத்திரியில வேல பாக்கற ஒரு பொண்ணோட மாமனாரை அப்டித்தான் அனுப்புனாங்க.”

“சரி பாப்பா.”

“என்னா கேட்டாலும் சொல்லக் கூடாது.”

“சொல்லல பாப்பா.”

பட்டறையில் கூட வேலை செய்கிறவர்கள் இதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். “மச்சான் பேசுனாத்தானே தப்பா வாயில வர்றதுக்கு? இவரு ஊமைன்னு நெனச்சு ஒடனே வுட்டுடுவாங்க பாருங்க” என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். ராத்திரி படுத்தபடி அந்த நாலைந்து வார்த்தையையும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

விமானத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். இறங்கினபோது அங்கே காலை நேரம். மைதானம் மாதிரி ஒரு கூடம். கயிறு கட்டி வளைத்து வளைத்து வரிசை. வரிசையின் முடிவில் கண்ணாடிக் கூண்டுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஆபீசர். அத்தனை ஜனம் இருந்தும் சந்தடி இல்லை. செருப்புச் சத்தமும் முத்திரை குத்துகிற சத்தமும்தான். எனக்கு முன்னால் நின்றிருந்தவர்களில் ஒருவரை ஒரு போலீஸ்காரர் தனியே அழைத்துப் போனார். மாட்டிக்கொண்டவர் நல்ல கோட்டு போட்டிருந்தார், இங்கிலீஷ் மளமளவென்று பேசினார். அவரையே கூப்பிட்டுப் போகிறார்கள் என்றால் என்னை என்ன செய்வார்கள் என்று நினைத்தேன். வரிசை நகர்ந்தும் நின்ற இடத்திலேயே நின்றேன்.

“ஏங்க, வரிசை போவுது பாருங்க. நடங்க” என்றாள் மனைவி.

கூண்டுக்கு ஆள் பிரித்துவிடுகிற ஒரு பெண் என்னை ஒரு கூண்டுக்கும் அவளை அடுத்த கூண்டுக்கும் கைகாட்டினாள். நாங்கள் ஒன்றாக வந்தவர்கள் என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லவில்லை. மனைவி தன் கூண்டில் போய் நின்று, “டாட்டர், பேபி” என்று சொல்லி வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டினாள். அந்த ஆபீசர் அம்மா சிரித்துவிட்டார். ரேகை வைத்தாள், முத்திரை குத்தினார்கள், கூண்டைத் தாண்டித் தரையில் போட்டிருந்த கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

என் கூண்டில் இருந்தவர் சின்ன வயசு, சிரித்த முகம். கேள்வி கேட்டார். டாட்டர் ஹவுஸ் என்றேன். த்ரீ மந்த்ஸ் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, ரேகை வைக்கிற கண்ணாடித் தட்டைக் காட்டினார். நாலு விரலையும் வைத்தேன். சிவப்பு. மறுபடி வைக்கச் சொன்னார். சிவப்பு. கையைத் துடைக்கச் சொல்லிக் காட்டினார். சட்டையில் துடைத்து வைத்தேன். சிவப்பு. இன்னும் அழுத்தமாக என்று தன் கையை வைத்துக் காட்டினார்.

அப்போதுதான் என் கை தானாகத் தலைக்குப் போனது. நான் நினைத்துச் செய்யவில்லை. சிவப்பு எரிந்தால் தலையில் தேய்ப்பது என்பது எனக்குக் கொட்டாவி வந்தால் வாயைத் திறப்பது மாதிரி. மனைவி புறப்படும்போது வழிய வழியத் தேங்காய் எண்ணெய் வைத்துச் சீவிவிட்டிருந்தாள். நாலு விரலையும் முடிக்குள் விட்டுப் பரபரவென்று தேய்த்து, அந்தக் கண்ணாடியில் அழுத்தினேன்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. எழுந்து நின்றார். கண்ணாடியில் எண்ணெய் அப்பியிருந்தது. துணியை எடுத்துத் துடைத்தார், துணியை மோந்து பார்த்தார். என் கையை நீட்டச் சொல்லி விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் விரலை அப்படி யாரும் பார்த்ததில்லை. பிறகு போனை எடுத்து மெதுவாக என்னவோ பேசினார். என் பாஸ்போர்ட் அவர் கையிலேயே இருந்தது. இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் எனக்கு முன்னால், ஒருவர் பின்னால்.

“ஏங்க! ஏங்க! எங்க போறீங்க?” கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவி கத்தினாள். அந்தக் கூடத்தில் அவள் குரல் ஒன்றுதான் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பையைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் ஓடி வந்தவளை ஒரு போலீஸ்கார அம்மா கையை நீட்டித் தடுத்தார். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு அறையில் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். என்னைப் போல இன்னும் சிலர் அங்கே இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லோரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் இல்லை. எங்கேயோ ஒரு மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் விடாமல் கேட்டது.

என்னைத் திருப்பி அனுப்பினால் அவளும் திரும்பிவிடுவாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் இல்லாமல் அவள் அந்தக் கதவைத் தாண்ட மாட்டாள். அப்புறம் மகள்? படுக்கையில் ஒருக்களித்துப் படுத்தபடி, கதவு திறக்கிற சத்தத்துக்குக் காத்துக்கொண்டிருப்பாள். அழுதாலே அவளுக்கு வயிறு இழுத்துப் பிடிக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். நாங்கள் வாசல்வரை வந்து திரும்பிப் போனோம் என்று கேட்டால் என்ன ஆவாள்? என் விரலால் அந்தக் குழந்தையும் போய்விடுமோ என்று நினைத்தபோது உட்கார்ந்திருந்த நாற்காலியே ஆடுவது போல இருந்தது. விரல்களைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு உள்ளே இன்னொரு அறை. மேசைக்கு அந்தப் பக்கம் நரைத்த தாடி வைத்த ஒரு ஆபீசர். மேசைமேல் ஒரு போன். அவர் அதில் பொத்தானை அழுத்தியதும் ஒரு பெண் குரல் தமிழில் பேசியது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அது நம் பக்கத்துத் தமிழ் இல்லை, இலங்கைத் தமிழ்.

“ஐயா வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர். நீங்கள் சொல்லுற எல்லாத்தையும் அப்பிடியே அதிகாரிக்குச் சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். விளங்குதோ?”

“சரிங்க.”

“இஞ்ச எத்தினை நாள் நிக்கப் போறியள்?”

“நிக்கலைங்க, உக்காந்துட்டுதாங்க இருக்கறன்.”

“எவ்வளவு நாள் தங்கப் போறீங்கள் எண்டு கேக்கிறார் ஐயா” என்றாள். மூன்று மாசம் என்றேன்.

“தலையில என்ன பூசினனீங்கள்?”

“தேங்காண்ணைங்க.”

“அதை ஏன் கண்ணாடியில தடவினனீங்கள்?”

“ரேஷன் கடையில அப்டித்தாங்க செய்வோம்.”

அவள் அதை மொழிபெயர்த்தாள். ஆபீசர் புருவத்தைத் தூக்கிவிட்டு மறுபடி கேட்டார். அவளும் மறுபடி சொன்னாள். அவருக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அரிசி வாங்குகிற இடத்தில் எதற்கு விரல், விரலை எதற்குத் தலையில் தேய்க்க வேண்டும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

“ஐயா, இதுக்கு முந்தி வேற பேரில இந்த நாட்டுக்கு வந்தனீங்களோ?”

“ஐயோ, இல்லைங்க.”

“ரேகையை அழிக்கிறதுக்கு விரலை நெருப்பில, மருந்தில ஏதும் வைச்சனீங்களோ? சில ஆக்கள் அப்பிடிச் செய்யிறவையாம்.”

“இல்லைங்க.”

“அப்ப விரலுக்கு என்ன நடந்தது?”

அந்த இடத்தில்தான் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. வேலை என்றால் தீர்ந்தது. என்ன கேட்டாலும் சொல்லக் கூடாது என்று மகள் சொல்லியிருக்கிறாள். சொல்லல என்று நானும் ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். பட்டு நூல் எடுப்பதை அந்த வார்த்தை இல்லாமல் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் தேடினேன். கிடைக்கவில்லை. எனக்குப் பேசத் தெரிந்ததே கொஞ்சம், அதிலும் பயம் வந்தால் அந்தக் கொஞ்சமும் போய்விடும்.

“ஒண்ணும் நடக்கலைங்க” என்றேன்.

ஆபீசர் பேனாவை மூடி வைத்தார். அந்தச் சின்னச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. எழுந்து போய்க் கதவைத் திறந்து யாரிடமோ பேசினார். சற்று நேரத்தில் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பையைக் குழந்தையைப் போல இடுப்பில் இடுக்கியிருந்தாள். கண் சிவந்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள், அடி விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று புரிந்தது. மேசைமேல் இருந்த போன் தமிழில் வணக்கம் சொன்னதும் அவள் அதன் பக்கம் குனிந்தாள்.

“ஏம்மா கண்ணு, நீ எந்தூருப் பொண்ணு?”

“அம்மா, நான் என்னைப் பற்றி இஞ்ச கதைக்க ஏலாது. கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்கோ. உங்கட கணவருடைய விரலுக்கு என்ன நடந்தது?”

“ஏன், அவரு சொல்லலியா?”

“ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொல்லுறார்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் தலையை லேசாக ஆட்டி, வேண்டாம் என்று காட்டினேன். ஆபீசர் அதைப் பார்த்துவிட்டார்.

“ஏங்க, வாயில என்னா கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க? சொல்லுங்களேன்.”

“பாப்பாதான் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்குதே” என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அது போனில் இருந்த பெண்ணுக்கும் கேட்டுவிட்டது. பிறகு அதையும் மொழிபெயர்த்தாள். கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்று முதலிலேயே சொன்னவள்தானே. ஆபீசர் முன்னால் சாய்ந்து என்னைப் பார்த்தார்.

“மகள் எதைச் சொல்லக் கூடாது எண்டு சொன்னவ ஐயா?”

இப்போது மகளையும் இழுத்துவிட்டேன். அவள் வேலை, வீடு, அவர்கள் அங்கே இருப்பது எல்லாமே என் ஒரு வார்த்தையில் தொங்குகிறது போல இருந்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

மனைவி பையை மேசைமேல் வைத்தாள். “நான் சொல்றன் கேளு கண்ணு. அவருகிட்டச் சொல்லு. வேல செஞ்ச கைங்க இது. வேலைன்னு சொல்லக் கூடாதுன்னு எம்பொண்ணு சொல்லுச்சு, இங்க வேல தேட வந்திருக்கறோம்னு நெனச்சுக்குவாங்கன்னு அதுக்குப் பயம். நாங்க எதுக்கு இங்க வேல தேடறோம்? இந்தக் குளிர்ல மனுசன் இருப்பானா? எம்பொண்ணுக்கு ரெண்டு புள்ள கலைஞ்சுபோச்சு. இது மூணாவது. அது எந்திரிக்காமப் படுத்துக் கெடக்குது. அத எடுத்துக் கட்டி, பக்கத்துல இருந்து பாத்துக்கத்தான் வந்தன். இவரு எனக்குத் துணைக்கு வந்தாரு. சுடுதண்ணியில கை வெச்சா ரேகை போவாம வேற என்னா வரும்? எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணும் வுட்டுடாத.”

அந்தப் பெண் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள். எந்த இடத்துக்கு வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் மனைவி தன் போனை எடுத்து எதையோ தேடினாள். படிக்கத் தெரியாதவள் படத்தைப் பார்த்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டே போய், ஒன்றைத் தொட்டு ஆபீசர் முன்னால் வைத்தாள்.

அதில் நான் இருந்தேன். மகளுக்கு அனுப்ப என்றைக்கோ அவள் எடுத்த வீடியோ. பட்டறையில் உட்கார்ந்து, ஆவி பறக்கிற தொட்டிக்குள் கையை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருக்கிறேன். மனைவியின் குரல் அதில் கேட்கிறது: “இந்தா பாரு பாப்பா உங்கப்பன. சோறு ஆறிப்போவுது. கூப்ட்டாக் காதுலயே வாங்க மாட்டன்றாரு.” போனில் இருந்த பெண் அதையும் ஆபீசருக்கு மொழிபெயர்த்தாள்.

நான் வேலை செய்வதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்தத் தண்ணீர் கொதிப்பதை அந்த அறையில் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது. ஆபீசர் இரண்டாவது முறையும் போட்டுப் பார்த்தார். பிறகு மேசைக்கு மேல் கையை நீட்டி என் கையை வாங்கிக்கொண்டார். பெருவிரலால் என் விரல் நுனியைத் தடவினார்.

“நோகாதோ எண்டு கேக்கிறார் ஐயா.”

“பழகிடுச்சுங்க” என்றேன்.

அதோடு விட்டுவிடவில்லை. மறுபடியும் வெளியே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இந்தத் தடவை மனைவியும் பக்கத்தில் இருந்தாள். “தீர்த்தமலைக்கு நடந்தே வர்றன் சாமி” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். “உங்களையும் சேத்துத்தான் வேண்டியிருக்கறன்” என்று என்னிடம் சொன்னாள். ஆபீசர் கதவைத் திறந்து வருவார், போவார். ஒவ்வொரு தடவையும் நான் பாதி எழுந்து உட்கார்ந்தேன். அவள் வேலை என்று சொன்னது சரியா தப்பா என்று எனக்கு அப்போதும் தெரியாது. சொல்லிவிட்டாள், இனி எடுக்க முடியாது.

கடைசியில் கூப்பிட்டார்கள். விரலை மறுபடி வைக்கச் சொன்னார்கள். இரண்டு கையிலும் சுண்டு விரல் மட்டும் ஏதோ கொஞ்சம் விழுந்ததாம். அது தண்ணீருக்குள் அவ்வளவாகப் போகாத விரல். என்னை உள்ளே விடுகிறார்கள், ஆனால் மகள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஓர் ஆபீசில் சில வாரம் கழித்து வந்து எல்லா விரலையும் வைத்துக் காட்ட வேண்டும், அப்போதும் சரியாக வராவிட்டால் திரும்பிப் போக வேண்டியிருக்கும் என்று அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள்.

“அதுவரைக்கும் சுடுதண்ணியில கை வைக்க வேண்டாமாம் ஐயா. அதிகாரி சொல்லச் சொன்னவர்.”

வெளியே மருமகன் முகம் வெளுத்து நின்றிருந்தார். எல்லோரும் வெளியே வந்த பிறகும் நாங்கள் வரவில்லையே என்று அவரும் பயந்திருக்கிறார். மகளிடம் விமானம் தாமதம் என்று சொல்லிவைத்திருந்தார். வீட்டுக்குப் போனதும் அவள் படுத்தபடியே இரண்டு கையையும் நீட்டினாள். மனைவி போய் அந்தக் கைக்குள் விழுந்தாள். நான் கதவோரம் நின்றேன். நடந்தது எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். மனைவியின் வாயில் அது இரண்டு நாள்கூடத் தங்கவில்லை.

மகள் அழவில்லை. “நான்தாம்ப்பா உன்ன ஊமையாக்கிட்டன்” என்றாள். அன்றிலிருந்து என்னைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. பாத்திரம் தொடக் கூடாது, துணி பிழியக் கூடாது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்னைக் கட்டிலோரம் உட்காரவைத்து, படுத்த வாக்கிலேயே ஒவ்வொரு விரலாகக் களிம்பு தடவுவாள். போன் விளக்கை அடித்து உற்றுப் பார்ப்பாள். அவளைப் பார்த்துக்கொள்ள வந்தவன் நான். “ஒரு கோடு தெரியுதும்மா” என்று உள்ளே பார்த்துக் கத்துவாள். மனைவி அடுப்பை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்ப்பாள்.

எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. வாசலில் மணி அடித்தால் என்னைத்தான் தேடி வந்திருக்கிறார்கள் என்று உள் அறைக்குப் போய்விடுவேன். தெருவில் யூனிஃபார்ம் போட்ட தபால்காரரைப் பார்த்துக்கூட ஒரு நாள் திரும்பி வந்தேன்.

அந்த ஆபீசுக்கு மருமகனோடு போனேன். கிளம்பும்போது மகளுக்கு வயிறு லேசாக வலிக்க ஆரம்பித்திருந்தது. நல்லபடியாகப் போய்விட்டு வா என்று கையால்தான் காட்டினாள். அங்கேயும் ஒரு கண்ணாடித் தட்டு. முதல் தடவை சிவப்பு எரிந்தது. என் கை மேலே கிளம்பியது. கழுத்துவரை வந்த கையை இன்னொரு கையால் பிடித்து இறக்கினேன். அங்கே உட்கார்ந்திருந்த ஆபீசர் அம்மா, பரவாயில்லை, மறுபடி வையுங்கள் என்பது போலத் தலையை அசைத்தார். மகள் செய்வது போல ஒவ்வொரு விரலாக நீவிவிட்டு வைத்தேன். பச்சை எரிந்தது. பச்சைதானா என்று மருமகனிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். கண்ணைக்கூட நான் அப்போது நம்பவில்லை.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மறுநாள் பெண் குழந்தை. தங்கிவிட்டது. தாயும் நன்றாக இருந்தாள். மனைவி குழந்தையை என் கையில் கொடுத்தபோது, புதுத் தோல் வந்த விரல் சொரசொரப்பாக இருக்கிறதே, குழந்தைக்கு உறுத்துமே என்று உள்ளங்கையில் மட்டும் தாங்கிக்கொண்டேன்.

ஊர் திரும்பும்போது யாரும் என் விரலைக் கேட்கவில்லை. போகிறவனுக்கு ரேகை தேவையில்லை போலிருக்கிறது. இரண்டு பேரும் தீர்த்தமலைக்கு நடந்துபோய் வேண்டுதலை முடித்தோம். பிறகு ரேஷன் கடைக்குப் போனேன். வைத்ததும் பச்சை எரிந்தது. “அடேங்கப்பா, என்னா மாமா, வெளிநாட்டு விரல் மாத்திட்டு வந்துட்டீங்களா?” என்றார் கடைக்காரர். வரிசையே சிரித்தது.

அந்த வாரமே மறுபடி வேலைக்குப் போனேன். வந்த கோடெல்லாம் சீக்கிரமே போய்விட்டது. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு வர வேண்டும் என்று மகள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். யோசிக்கலாம் பாப்பா என்கிறேன்.

இப்போது ரேஷன் கடையில் சிவப்பு எரிந்தால், தலையில தேய்ங்க மாமா என்று கடைக்காரர் சொல்கிறார். என்னால் முடிவதில்லை. கை மேலே போக மறுக்கிறது. பின்னால் திரும்பி, வரிசையில் மனைவி எங்கே நிற்கிறாள் என்று தேடுகிறேன்.